எட்டாவது ஃபேடர்

உங்கள் பக்கம் ஃபேன் ஓடுகிறது, ஃபாதர். மண்டியிட்டிருக்கிற என் பக்கம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, பாவிகளுக்குக் கொஞ்சம் புழுங்கட்டும் என்று இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியைச் செய்தவர் நினைத்திருக்கலாம். ஆனாலும் சித்திரை மாதத்து மதுரைக்கு இது அதிகப்படி. லேபில் ஒரு பழைய டேபிள் ஃபேன் சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன்.

நான் இன்னாசிமுத்து. இந்நேரம் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட், நம் பாடகர் குழுவின் முக்கியக் குரல். முக்கியக் குரல் என்று நானாகச் சொல்லவில்லை. பல வருடமாக எல்லாரும் சொன்னதுதான். நடுவில் கொஞ்ச காலம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கொஞ்ச காலத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2004இல் கோவில் பாடல்களை சி.டி.யாகப் போடலாம் என்று குழுத் தலைவி ஆனிமேரி டீச்சர் ஆசைப்பட்டார். நான் கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஏற்றினேன். திரையில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ஃபேடர் இருக்கும், அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளுகிற கட்டை. மவுஸை வைத்து ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ள முடியும். பத்து விரல் கொடுத்த ஆண்டவருக்கு இது மரியாதையா? அதனால் நிஜமான ஃபேடர்கள் வைத்து ஒரு பெட்டி செய்தேன். இதை வெளிநாட்டில் விற்கிறார்கள். வாங்குவதென்றால் கோவில் மணியை விற்க வேண்டும். நான் காளவாசலில் பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கி, செத்துப்போன டேப் ரெக்கார்டர்களிலிருந்து மோட்டார்களைக் கழற்றினேன். பழைய ரேடியோவில் முள்ளை இழுக்க ஒரு நூல் இருக்குமே, அந்த நூலால் மோட்டாரையும் ஃபேடரையும் இணைத்தேன். நாம் ஒருமுறை தள்ளியதை சாஃப்ட்வேர் நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி அதே பாட்டை ஓட்டினால், யாரும் தொடாமலே ஃபேடர் தானாக நகரும். மொத்தம் எட்டு ஃபேடர். ஏழுக்கு மோட்டார் மாட்டினேன். எட்டாவதற்கு மோட்டார் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குத் தகரம் வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்தது டோனி. கிரில் பட்டறை வைத்திருக்கிறானே, அவன்தான். கூலி கேட்டதற்கு, "போங்கண்ணே, கோயில் வேலைக்கு எம்புட்டுன்னு வாங்குறது?" என்றான். என் கையைக் கிழித்துவிடக் கூடாதென்று மூலைகளையெல்லாம் ராவி மழுக்கித் தந்தான். தங்கமான பையன். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

கிறிஸ்துமஸ் தனிப்பாட்டுக்கு நம் கோவிலில் திருவுளச்சீட்டுப் போடுவார்கள். பாடுகிறவர்களின் பேர்களை அந்தோனியார் காலடியில் வைத்து, ஒரு சின்னப்பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். யார் பேர் வந்தாலும் ஒருத்தரும் எதிர்த்துப் பேசுவதில்லை. முந்தின வருடம் டோனி பேர் வந்தது. அவன் பாடி முடித்தபோது ஆனிமேரி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பாடி அவர் கண்ணைத் துடைத்ததே இல்லை. "வெரி நீட், இன்னாசி" என்பார்.

முதல் ஒத்திகையில் நடந்தது தற்செயல். நான் சோதனைக்காகத் தள்ளிப் பார்த்ததை அழிக்க மறந்திருந்தேன். டோனி மேலே ஏறிப் பாடுகிற இடத்தில் அவனுடைய ஃபேடர் விறுவிறுவென்று இறங்கியது. ஸ்பீக்கரில் அவன் குரல் தேய்ந்துபோனது.

"ஆத்தாடி, அதுவா இறங்குதே! ஏன் இன்னாசி?" என்றார் டீச்சர்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சுருதி விலகுனா இறங்கும் டீச்சர்" என்று வந்துவிட்டது.

"மெசினுக்கு ஆளு பாக்கத் தெரியாதுல்ல?"

"தெரியாது டீச்சர்."

"அப்ப சீட்டு மாதிரிதேன்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லில் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தோனியார் காலடிக்குச் சீட்டுப் போகவில்லை. எல்லாரும் என் பெட்டியின் முன்னால் வந்து பாடினார்கள். யாருடைய ஃபேடர் இறங்கவில்லையோ அவருக்குத் தனிப்பாட்டு. கீபோர்டு வாசிப்பு முன்பே பதிவாகியிருப்பதால் எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். டோனி உயரே போகிற இடமாகப் பார்த்து முதல்நாளே ஓர் இறக்கத்தைப் பதிந்து வைப்பேன். மற்றவர்களுக்கும் இங்கொன்று அங்கொன்று. பாரபட்சம் கூடாது பாருங்கள். நீங்கள் மன்றாட்டுப் பாடிப் பதிந்த அன்று உங்களுக்கும் ஒன்று. அது மட்டும் நியாயமான இறக்கம், ஃபாதர். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டோனி ஒருநாளும் கூடத்தைக் குறை சொல்லவில்லை. "இன்னொருக்கப் பாடுறேண்ணே, இறங்காமப் பாத்துக்கிறேன்" என்பான். ஃபேடரையே பார்த்துக்கொண்டு பாடுவான். அப்படிப் பாடினால் யாருக்குத்தான் சுருதி நிற்கும்? சில மாதத்தில் நிஜமாகவே விலக ஆரம்பித்தது. உடனே நான் இறக்கம் பதிவதை நிறுத்திவிட்டேன். இதை என் பக்கத்து நல்லதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேடர் அசையாமல்தான் நின்றது. அவன்தான் பாதியில் நிறுத்தி, "இறங்கிருச்சாண்ணே?" என்று கேட்டான். நான் அடுத்த ஆளைப் பாடக் கூப்பிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் பாட வரவில்லை.

போன மாதம் அவன் அம்மா முத்துத்தாய்க்கு நீங்கள்தான் அடக்கப் பூசை வைத்தீர்கள். படுக்கையில் கிடந்தபோது அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, மகன் பாடித் தன்னை வழியனுப்ப வேண்டும் என்பது. சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றவனிடம் டீச்சர், "பாடுய்யா, அம்மா ஆசப்பட்டுச்சுல்ல" என்றார்.

"வேணாம் டீச்சர். எனக்குச் சுதி நிக்காது. எங்கம்மா போறப்பயாச்சும் நல்ல பாட்டுக் கேட்டுட்டுப் போகட்டும். இன்னாசி அண்ணே பாடட்டும்."

பாடினேன். நன்றாக அமைந்தது. முடிந்ததும் டோனி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. டீச்சர் பின்னாலிருந்து "வெரி நீட்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை, அதனால்தான் வந்தேன்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஃபாதர். ஒரு குழு என்றால் தரம் பார்க்க ஒருத்தர் வேண்டும், அவ்வளவுதான். டோனியிடம் போய்ச் சொல் என்றால் சொல்கிறேன். பெட்டியை உடை என்றால் உடைக்கிறேன். அவன் வைத்த வெல்டிங், லேசில் விடாது. பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

என்ன கேட்டீர்கள், எட்டாவது ஃபேடர் யாருடையதா? என்னுடையதுதான். அதற்கான மோட்டார் அன்றைக்கே கிடைத்துவிட்டது. லேபில் என் மேசை டிராயரில் இருக்கிறது, நல்ல ஓட்டத்தில். மாட்டவில்லை. என் குரலுக்கு அது தேவைப்படவில்லை, ஃபாதர்.