ஐஸ்கிரீம் டப்பாவும் இரண்டாவது தொட்டியும்

தள்ளாத வயதிலும் தடியூன்றி வந்து தலைமை தாங்கும் எங்கள் பாம்பு வளர்ப்போர் மன்றத் தலைவர் டெஸ்மண்ட் ஒகில்வி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! பர்னெட் ஆற்றின் இக்கரையிலிருந்தும் அக்கரையிலிருந்தும், கரும்புக் காடுகளைக் கடந்து, கண்ணைக் கூசவைக்கும் குவீன்ஸ்லாந்து வெயிலில் கார் ஓட்டி வந்திருக்கும் மன்றத்து உறுப்பினர்களே! மகன் பாம்பு வளர்க்கிறான் என்று வெளியே சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மடியில் கைக்குழந்தையும் தோளில் மலைப்பாம்புமாக ஒரே நாற்காலியில் வீற்றிருக்கும் என் அன்புச் சகோதரி பிரைடி அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பிரைடி, உனக்கு மட்டும் வணக்கத்தோடு இந்தப் பேச்சு முழுவதும் சேர்த்துக் காணிக்கை!

நான் க்ளெனிஸ் டிரான்டர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஆகவே என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும், ஒலிபெருக்கியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, ஆண்டுதோறும் இந்த மேடையில் பாம்பின் அழகைப் பேசினோம். பாம்பின் பொறுமையைப் பேசினோம். பாம்பின் பளபளப்பைப் பாடாத குறையாகப் புகழ்ந்தோம். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது எதைப் பற்றித் தெரியுமா? சோப்பைப் பற்றி! ஆம், சாதாரணச் சோப்பைப் பற்றி, சுடுதண்ணீரைப் பற்றி, இந்த மண்டபத்தின் பின்புறம் ரிப்பன் கட்டி வைத்திருக்கிறோமே, பாத்திரமும் கையும் கழுவுகிற அந்த இரண்டாவது தொட்டியைப் பற்றி! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பேச்சு முடியும்போது யார் சிரிக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

முன்வரிசையின் ஓரத்தில், தொப்பியை மடியில் கவிழ்த்துக்கொண்டு, காது சிவந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் மெர்வின் ஹேக்கட். என் பக்கத்து வீட்டுக்காரர். குழாய் வேலைக்காரர். இந்த ஊரில் பாதி வீட்டுச் சமையலறையில் தொட்டி வைத்தவர். இப்படிப்பட்டவர் வீட்டில் எத்தனை தொட்டி புழக்கத்தில் இருந்தது? ஒன்றே ஒன்று! அவர் சம்மதம் கேட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். "பேர் வெச்சே சொல்லு க்ளெனிஸ், அப்பத்தான் உறைக்கும்" என்றார். அந்த மனசுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மெர்வினிடம் டோரீன் என்றொரு கம்பள மலைப்பாம்பு. டோரீன் யார்? மனைவி போன பிறகு வெறிச்சோடிப்போன வீட்டில், சாயங்காலச் செய்தி கேட்கும்போது அவர் தோளில் படுத்துக்கிடந்த துணை! அந்தப் பாம்புக் கூண்டுக்குப் பூட்டு உண்டா? உண்டு. பாம்பைத் தொட்டபின் கை கழுவினாரா? கழுவினார். பேத்தி வில்லா வீட்டுக்கு வந்தால் கூண்டு அறைக் கதவைத் திறந்தாரா? திறக்கவே இல்லை! அப்பேர்ப்பட்ட மனிதர் அவர். அவருக்கே இது நடந்தது என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?

போன கோடையில் அவர் கொட்டகையில் இருந்த பழைய ஃப்ரீசர் உயிரை விட்டது. டோரீனுக்கான உறைந்த எலிகள் அதில்தான் இருந்தன. எலிகள் எங்கே போயின? எங்கே போகும்? சமையலறை ஃப்ரீசருக்குத்தான். எதில் வைத்தார்? இந்த நாட்டில் பிறந்த எவனும் எதை எதில் வைப்பானோ அதில்தான். காலி ஐஸ்கிரீம் டப்பாவில்!

கையைத் தூக்குங்கள், ஐஸ்கிரீம் டப்பா இல்லாத வீடு எது? ஆணி போட ஒன்று, தூண்டில் இரை போட ஒன்று, துணி க்ளிப் போட ஒன்று, உருளைக்கிழங்கு சாலட் போட ஒன்று. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொன்னால் நாம் எதில் கொண்டுவருகிறோம்? ஐஸ்கிரீம் டப்பாவில். அதோ அந்த மேசையில் இப்போது எத்தனை டப்பா இருக்கிறது? நெவில், மூடியை மறைக்காதே, நான் பார்த்துவிட்டேன்.

வில்லாவுக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. மகள் டாம்சின் வீட்டுக் கொல்லையில் விருந்து. அடுப்பில் சாஸேஜ், மேசையில் கேக், நடுவில் மெர்வினின் பேர்போன உருளைக்கிழங்கு சாலட். பாட்டுப் பாடினோம், மெழுகுவத்தி ஊதினோம். தாத்தா மடியில் உட்கார்ந்து, தாத்தா கரண்டியால், தாத்தா செய்த சாலட்டை அந்தக் குழந்தை கேட்டுக் கேட்டுத் தின்றது.

பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கியதோடு போயிற்று. குழந்தைக்குப் போகவில்லை. காய்ச்சல். வாந்தி. ரத்தம் கலந்த பேதி. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் குளுக்கோஸ் ஊசியோடு, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பேருந்தில் உட்கார்ந்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சால்மோனெல்லா என்கிற குடல் கிருமி என்றார் மருத்துவர். வீட்டில் பாம்பு, பல்லி, ஆமை ஏதாவது உண்டா என்று கேட்டார். டாம்சின் மெதுவாகத் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"பாம்பா, பேத்தியா? நீங்களே முடிவு பண்ணிக்கோங்கப்பா."

மெர்வின் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மறுநாள் காலை, டோரீனைத் தலையணை உறைக்குள் போட்டு, உறையின் வாயைக் கட்டி, என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். "இவளை நீ வெச்சுக்கோ க்ளெனிஸ். வெயில்ல விட்டுறாதே" என்றார். குழந்தை பாம்பைத் தொடவே இல்லையே மெர்வ் என்றேன். "எப்படியோ ஒட்டியிருக்கு. அவ என் வீட்டுல இருந்ததே தப்பு" என்றார். அந்த மனிதர் அந்தத் தலையணை உறையைத் தடவிக்கொடுத்ததை நான் பார்த்தேன். உங்கள் எதிரிக்குக்கூட அப்படி ஒரு காலை விடியக் கூடாது!

ஆனால் கேளுங்கள் நண்பர்களே, உண்மை எங்கிருந்து வெளியே வந்தது தெரியுமா? ஃப்ரீசரிலிருந்து!

காய்ச்சல் இறங்கியது. குழந்தை வாய்திறந்து கேட்ட முதல் வார்த்தை, ஐஸ்கிரீம். ஒரு கரண்டி தரலாம் என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரிக்கு அருகில் இருந்தது மெர்வின் வீடுதான். டாம்சின் ஓடிவந்தாள். நானும் மெர்வினும் சமையலறை மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். வெனிலா டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

உள்ளே வரிசையாக, வாலும் மீசையுமாக, எலிகள்!

அலறுவாள் என்று நினைத்தேன். அவள் அலறவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வில்லா பொறந்தநாளுக்கு சாலட் எதுல கொண்டுவந்தீங்க?"

"ஐஸ்கிரீம் டப்பாவுலதாம்மா. எப்பவும் அதுலதானே."

"எந்த டப்பா?"

எலி டப்பா எது, சாலட் டப்பா எது என்று மெர்வின் பிரித்து வைத்ததே இல்லை. எலியைச் சுடுதண்ணீரில் இளக வைப்பதும் டப்பாவில்தான். அதைச் செய்வதும் சமையலறைத் தொட்டியில்தான், ஃப்ரீசர் அங்கே வந்துவிட்டதால்.

"கழுவினேம்மா. சுடுதண்ணி ஊத்தி நல்லாத்தான் கழுவினேன்."

"எதை வெச்சுத் தேய்ச்சீங்க?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். தொட்டியின் விளிம்பில் ஒரு மஞ்சள் பஞ்சு. ஒரே ஒரு பஞ்சு! டோரீனின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்ப்பது அது. எலி டப்பாவைத் தேய்ப்பது அது. வில்லாவின் பால் குவளையைத் தேய்ப்பதும் அதே!

அவையோரே! டோரீன் செய்த குற்றம் என்ன? பூட்டிய கூண்டில் சுருண்டு கிடந்தது குற்றமா? அந்தக் கிருமி பாம்பின் குடலில் இருக்கும். பாம்பு நலமாகவே இருக்கும். எலியிலும் இருக்கும், உறையவைத்தால் தூங்கும், சாகாது. எந்த வழியாக வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் டப்பாவைப் பற்றிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாம்புக்குப் பூட்டுப் போட்டோம், பஞ்சுக்கு யார் பூட்டுப் போட்டது? பாம்பைக் கண்டு பயந்தோம், பாத்திரத்தைக் கண்டு பயந்தோமா? கையைக் கழுவினோம், கழுவிய இடத்தைக் கழுவினோமா?

என்ன ராய்ஸ்? உன் பாம்பு சுத்தமானதா? நீ தினமும் அதற்கு முத்தம் கொடுத்தும் உனக்கு ஒன்றும் ஆகவில்லையா? உனக்கு ஆகாது ராய்ஸ், நீ இரும்பு. உன் வீட்டுக்கு வரும் கர்ப்பிணியும் இரும்பா? கீமோ சிகிச்சையில் இருக்கும் உன் அண்ணன் இரும்பா? பிரைடியின் மடியில் இருக்கிறதே, அது இரும்பா? நன்றி பிரைடி. பாம்பைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா, நாங்கள் காத்திருக்கிறோம்.

நோய் என்ன, பாம்பிலிருந்து நமக்கு மட்டுமா வருகிறது? நம் கையால்தான் அதுகளுக்கும் போகிறது! கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய புதுப் பாம்பைத் தனியறையில் வைக்காமல் பழைய பாம்புக்குப் பக்கத்தில் வைத்து, உண்ணியைப் பரப்பியவர்கள் இந்த அவையில் உண்டு. பேர் சொல்ல மாட்டேன். நெவில், நீ ஏன் குனிகிறாய்?

டாம்சின் அன்றைக்கு என்ன செய்தாள்? பாம்பைத் துரத்தினாளா? இல்லை. என் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே டோரீனை அந்தத் தலையணை உறையோடு தூக்கிக்கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒன்று சொன்னாள். "பாம்பு இருக்கட்டும்பா. ஆனா அதுக்குன்னு தனித் தொட்டி, தனி ஃப்ரீசர், தனிப் பஞ்சு வர்றவரைக்கும் என் பொண்ணு இங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டா. எனக்கு மனசு ஆறணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்கக் குழந்தை வரவில்லை. மெர்வின் துணி துவைக்கும் அறையில் டோரீனுக்கென்று தொட்டி வைத்தார், சிவப்புப் பிடி போட்ட தூரிகை வைத்தார், கொட்டகைக்குப் புது ஃப்ரீசர் வாங்கினார். எலிப் பெட்டிக்குக் கறுப்பு மூடி போட்டார். எந்தக் கண் தெரியாதவனும் அதை ஐஸ்கிரீம் என்று எடுக்க மாட்டான். அதோடு விட்டாரா? இந்த மன்றத்துக்கு வந்து, இங்கேயும் ஒரு தொட்டி வேண்டும் என்றார். தேநீர்க் கோப்பையும் பாம்புக் கிண்ணமும் ஒரே தொட்டியில் கழுவுகிறோமே என்றார். உங்களில் பாதிப் பேர் என்ன சொன்னீர்கள்? இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்றீர்கள்! கிழவருக்குக் கிறுக்கு என்றீர்கள்! அவரோ குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தானே வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தொட்டி ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது, அளவு தெரியாமல் வைத்துவிட்டாரா என்று கேலி செய்தீர்களே. அது வில்லாவின் உயரம். வருவாளா மாட்டாளா என்று தெரியாமலே, அவள் வளர்ந்திருக்கக்கூடிய உயரத்தைக் கணக்குப் போட்டு வைத்தார்.

தலைவர் அவர்களே, இப்போது உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க வேண்டிய அந்தக் குழாய், ஏற்கெனவே திறந்தாகிவிட்டது.

கூட்டம் தொடங்குமுன் மெர்வின் பின்புறம் டோரீனைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்து நின்றது. டாம்சின் இறங்கினாள். வில்லா இறங்கினாள். அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். பிறகு எல்லாவற்றையும் மறந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். குழந்தை என்ன செய்தது? ஓடிவந்து கட்டிக்கொண்டதா? இல்லை! தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டது:

"தாத்தா, கை கழுவினியா?"

தொட்டி வைத்தவர் கழுவவில்லை!

ரிப்பனுக்கு அடியில் குனிந்து குழந்தை குழாயைத் திறந்தது. தாத்தா மண்டியிட்டு, சோப்புப் போட்டு, விரலிடுக்கில், நகக்கண்ணில், மணிக்கட்டு வரைக்கும் தேய்த்தார். எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று வில்லாவுக்கு அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பிறந்தநாள் பாட்டை இரண்டு முறை பாடி முடிக்கிற நேரம். அவள் பாடினாள். அன்றைக்கு அந்தக் கொல்லையில் நாங்கள் பாடிய அதே பாட்டு. இரண்டாவது முறை பாடும்போது டாம்சினும் சேர்ந்துகொண்டாள். முடிந்ததும் துண்டை எடுத்து நீட்டியவளும் அவள்தான். "போதும்பா, தூக்கிக்கோங்க" என்றாள்.

அதனால்தான் அவர் காது இவ்வளவு சிவந்திருக்கிறது. அதனால்தான் அவர் மடியில், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து பாருங்கள்!

கைதட்டாதீர்கள், விழித்துக்கொள்வாள். தட்டத் துடிக்கிற கைகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்புறம் போய் வரிசையில் நில்லுங்கள். கழுவிவிட்டு வருகிறவர்களுக்கே சாப்பாடு. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், திட்டு வாங்கிய நெவிலுக்கும் ராய்ஸுக்கும், ஈரக் கையோடு திரும்பி வந்திருக்கும் பிரைடிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. டோரீனுக்கும் சேர்த்து, அனைவருக்கும் வணக்கம்!