ஐம்பது மடங்கு வேகம்

எங்கள் ஆய்வு நிலையத்து நாற்காலிகளைவிட உங்கள் விசாரணை அறை நாற்காலி வசதியாக இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன்.

என் வேலை கணக்கைச் சுருக்குவது. ஒரு மூலக்கூறின் மேல் வெளிச்சம் பட்டால் அதன் அணுக்கள் எப்படி ஆடும் என்று கணினியில் போட்டுப் பார்ப்போம். அணு ஓரிடத்தில் நிற்கிற குண்டுமணி அல்ல, அலையாகப் பரவும். அந்த அலையைத் தாங்க அடிப்படைச் சார்புகள் என்ற கணிதத் துண்டுகள் வேண்டும். பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகக்கூடிய இடமெல்லாம் பாய் விரித்தால் கணினிக்கு மூச்சு முட்டும். அலை நடக்கும் இடத்தில் மட்டும் விரித்து, கடந்ததும் சுருட்டி முன்னால் போடுவது என் முறை. கேட்டவர்கள் எல்லாம் கெட்டிக்காரத்தனம் என்றார்கள்.

பக்கத்து அறை அம்மையார் மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு பாயையும் சுருட்ட மாட்டார். மாதக்கணக்கில் கணினியைக் கட்டிக்கொண்டு அழுவார். அவருக்கு நான் வைத்த பெயர் முழுக்கணக்கு.

"வேகமா தப்பா போறதுக்கு மெதுவா சரியா போகலாமே, தம்பி" என்பார், தேநீர் இயந்திரத்தின் முன்னால், எல்லார் காதிலும் விழும்படி.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், வேதியியலாளர். வெயிலை வாங்கிக்கொண்டு பழைய உருவத்துக்கே திரும்பும் ஒரு மூலக்கூறை வைத்து, தோலுக்கு வெயில்காப்புக் களிம்பு செய்திருந்தார். அது திரும்புமா, உடையுமா? முழுக்கணக்கிடம் கேட்டால் அடுத்த கோடையில் பதில் வரும். என்னிடம் கேட்டார்.

முதல் ஓட்டத்தில் அலையின் பெரும்பகுதி நல்ல பிள்ளையாக வீடு திரும்பியது. ஒரு துளி மட்டும் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியது. அங்கே மூலக்கூறு உடையும். உடைந்த துண்டு தோலைச் சுடும். அந்தத் துளிக்கும் பாய் விரித்ததில் என் வேகம் அம்மையாரின் முறையைவிடப் பன்னிரண்டே மடங்காகச் சரிந்தது. மாநாட்டில் ஐம்பது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இந்த அளவுக்குக் குறைந்த அலைக்குப் பாய் கிடையாது என்று ஒரு வரம்பு உண்டு. அதைக் கொஞ்சம் உயர்த்தினேன். துளி மறைந்தது. மொத்தத்தில் விழுந்த குறையை மிச்ச அலையின் மேல் நிரவி, நூற்றுக்கு நூறாக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகச் சொல்லாதீர்கள். ஒரு விதைதான்.

வேகம் ஐம்பத்திரண்டு மடங்கு வந்தது.

மூலக்கூறு உடையாது என்று அத்தானிடம் சொன்னேன். அவர் நிதானக்காரர். "ஆய்வகச் சோதனை முடியட்டும்" என்றார். அக்காதான் கேட்கவில்லை. அவள் நீச்சல் பயிற்சியாளர்; நாளெல்லாம் வெயிலில் நிற்பவள். காலைச் சாப்பாட்டு மேசையில் குப்பியைத் திறந்தாள்.

"என் தம்பி கணக்கு போட்டுட்டான்ல, அப்புறம் என்ன சோதனை? டேய், பூசிக்கலாம்ல?"

என் வாயில் ரொட்டி இருந்தது. தலையாட்டினேன். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணம் தெரிந்தால் அத்தான் நேரே முழுக்கணக்கிடம் போவார். ரொட்டியை விழுங்கியபின், "காதுக்குப் பின்னாலயும் போட்டுக்கோ" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் முகத்தின் ஒரு பக்கம் அக்காவும், வெந்து வீங்கிய மறுபக்கம் வேறு யாரோவுமாக வீட்டுக்கு வந்தாள். வலது கன்னத்தில்தான் தாராளமாகப் பூசியிருந்தாள்.

"நான்தான் கலக்கும்போது எதையோ கெடுத்துட்டேன்" என்று அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். செய்த களிம்பையெல்லாம் கொட்டினார், வேலையை விடுவதாகவும் சொன்னார். அவர் தோளைத் தட்டி, "மனசத் தளர விடாதீங்க அத்தான்" என்றேன். அந்த வீட்டில் அன்று ஆறுதல் சொன்னவன் நான் ஒருவன்தான்.

பிறகு முழுக்கணக்கு என் நிரலை எடுத்து, வரம்பைத் தாழ்த்தி ஓட்டிப் பார்த்தார். துளி அகப்பட்டது, நான் இங்கே வந்தேன். அவர் மேல் கோபமில்லை. கடைசியில் அவரும் என் முறையைத்தானே பயன்படுத்தினார்?

எழுதிக்கொள்ளுங்கள். துளியைப் பார்த்த பிறகுதான் வரம்பை உயர்த்தினேன். தெரிந்துதான் தலையாட்டினேன். ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அக்காவின் கன்னம் ஆறிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தழும்பு தெரியும்.

நான் இன்னும் கிட்டப் போகவில்லை.