சூடு தாங்குற கை

ஹலோ... ஹலோ... காஞ்சிபுரம் கெடைச்சிதாம்மா?... ஆமா, ஆமா, ஆரணி பட்டுக்கடை பரசுராமன்தான். காலையில புக் பண்ண டிரங்க்கால். இந்நேரத்துக்கு நடந்தே போய்ப் பேசிட்டுத் திரும்பி இருப்பேன்... உங்கள சொல்லலம்மா, லைன சொன்னேன்... குடுங்க, குடுங்க.

ஹலோ... யாரு, மணவாளனா? உங்க கடைக்குப் பின்னால சாயம் போட வந்து தங்கிகினு கீறாரே எங்க மச்சான் கந்தசாமி, அவரக் கூப்பிடு... இல்லையா?... மணவாளா, பின்னால யாரோ 'இல்லன்னு சொல்லு'ன்றது ஆரணி வரைக்கும் கேக்குது. அந்த யாரோ கீறார் பாரு, அவர்கிட்ட குடு.

(ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, கடை வாசல் பக்கம் திரும்பி)

கன்னியம்மா, வெயில்ல நிக்காத. உள்ள வந்து ஒக்காரு. வராரு.

ஹலோ... வா மச்சான்... சௌக்கியம், சௌக்கியம். உன் பொண்டாட்டி கற்பகம் எனக்குத் தங்கச்சி, நான் பாத்துக்க மாட்டனா? உன் பொண்ணு பூங்காவனமும் சௌக்கியம்... கல்யாணப் பேச்சா? உன் பொண்ணு சம்பந்தம் கெடல, அப்படியேதான் கீது. நான் அதுக்குப் போன் போடல. உன் சாயக்காரன் குப்புராஜ் எங்க?... அண்டா கிட்டயா. இன்னா கலரு?... அரக்கு. ரொம்ப நல்லது. முட்டி வரைக்கும் கை செவந்து கெடக்கும், எவன் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது.

... தெரியாத மாதிரி பேசாத. பாளையத்து ஸ்கூல்ல ஜீப்ப நிறுத்திட்டு டாக்டரம்மா ஒக்காந்துகினு கீறாங்க. தெருத் தெருவா ஆள் வுட்டு, ஒடம்புல தேமல் கீதா, எங்கனா மரத்துப் போச்சான்னு எல்லாரையும் பாக்கறாங்க. தறிக்காரங்க போனாங்க. நானும் போய் சட்டையக் கழட்டிட்டுத் தொந்தியோட நின்னேன். உன் சாயப் பட்டறைக்கு அவங்க வரப்போறாங்கன்னு தெரிஞ்சதும் நீ குப்புராஜ இட்டுகினு பஸ் ஏறிட்ட... தீபாவளி ஆர்டரா? ஏன், இங்க அண்டா இல்லையா, அடுப்பு இல்லையா, தண்ணி இல்லையா?... சரி, தண்ணி இல்ல. அத ஒத்துக்கறேன்.

... வேற யாரு சொல்லுவாங்க? அவன் பொண்டாட்டிதான். தோ, இங்கதான் ஒக்காந்துகினு கீது. புள்ளைங்கள இட்டுகினு போய்க் காட்டிட்டு நேரா என்கிட்ட வந்துச்சி... இல்ல, புள்ளைங்களுக்கு இப்பத்திக்கு ஒண்ணுமில்ல. மறுபடி மறுபடி காட்டணும்னு சொல்லிகீறாங்க. ... கேளு, நடுவுல பூராத. ஆடி மாசம் காய்ச்சல்னு வூட்ல கெடந்தான் இல்ல? சாயத்துல கை வெக்காததால கை வெளுத்துச்சாம். எண்ணெ தேய்க்கறப்ப பாத்தா, மணிக்கட்டுக்கு மேல ரூபா அகலத்துக்கு வெளிறின தேமலு. சாயம் திட்டா வுட்டுகீதுன்னு சொல்லிட்டானாம். போன வாரம் அடுப்புலருந்து சோத்துப் பானைய துணி இல்லாம எறக்கிகீறான். சதை பொசுங்கற நாத்தம் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிது. அவனுக்குத் தெரியல.

ஆமா... ஆமா... ஆமாய்யா, சூடு தாங்குற கை. ஊருக்கே தெரியுமே. புதுசா ஒரு சாயக்காரன வேலைக்கு வெக்கணும்னா, ஆவி பறக்கற அண்டாவுல மொதலாளி ஒரு கை, அவன் ஒரு கை. முன்ன எடுத்தவன் தோத்தவன். இதானே நம்ம தெரு பரீட்சை? குப்புராஜ் வந்த அன்னிக்கு அவனும் எடுக்கல, நீயும் எடுக்கல. வேடிக்க பாத்தவன்தான் பயந்து போய் ரெண்டு பேரையும் இழுத்து வுட்டான். அப்பவே மத்தவன வுட கூலி ஏத்திக் குடுத்த... தெரியும்யா, உன் கையும்தான். போன பொங்கலுக்குக் கொதிக்கக் கொதிக்கப் பித்தளை டம்ளர வெறுங்கையில புடிச்சிகினு, பொம்பளைங்கள பாத்து சிரிச்சியே. நாங்களும்தான் சிரிச்சோம். அந்தப் பெருமைய அப்பால பேசலாம்.

மச்சான், குப்புராஜ் கை சூட்டத் தாங்கல. அது சூடுன்னே அதுக்குத் தெரியல. செவிடன் காதுல சங்கு ஊதிட்டு, பாரு, இவனுக்கு எவ்ளோ பொறுமைன்னு மெச்சிகினு இருந்திருக்கோம்.

... மெதுவா பேசணுமா? ஏன்?... எக்ஸ்சேஞ்சு அம்மா கேப்பாங்களா? அவங்க ஊர்ப்பட்ட யாவாரத்த கேட்டவங்க, நம்முளுது இன்னா புதுசா?... பேரச் சொல்லாம பேசணுமா? பேரச் சொன்னா ஒட்டிக்குமா? குஷ்டம். சொல்லிட்டேன். லைன் அறுந்துடுச்சா? இல்லையே. ... தோ, இருமறாங்க. கேட்டுகினுதான் கீறாங்க. கேக்கட்டும்.

... தீபாவளி கழிச்சா? சரி, தீபாவளி கழிச்சி எப்ப?... தை மாசம் கல்யாணம் முடிஞ்சப்புறமா? நல்லா கீது மச்சான். பேரம்னா ஒருத்தன் ஏறுவான், ஒருத்தன் எறங்குவான். நீ தீபாவளியில ஆரம்பிச்சி தைக்குப் போற. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா பேரன் காதுகுத்தல்ன்னுவ. அதுவரைக்கும் அவன் வெரலு காத்துகினு இருக்குமா? டாக்டரம்மா கிட்ட நான் கேட்டேன்யா. இப்பவே மாத்திரை போட்டா வெரல் மடங்காது. கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவறதும் நின்னுடும்னாங்க. மடங்கினப்புறம் மாத்திரை போட்டா, நோவு போகும், மடங்கினது நிமிராது.

... இன்னாம்மா? மூணு நிமிஷம் ஆயிடுச்சா? போடுங்க, இன்னொரு மூணு. மொத மூணுல பாதி அவரு இல்லன்னு சொல்றதுலயே போச்சி, அத கழிச்சிக்கக் கூடாதா?... சரி சரி, கழிக்க வேணாம்.

ஹலோ... கீறியா? ... உபதேசம் இல்ல, தொழில் பேசறேன். பாவுல ஒரு இழை அறுந்தா இன்னா பண்ணுவோம்? தறிய நிறுத்தி அப்பவே முடிச்சி போடுவோம். சேலை நெய்ஞ்சி மடிச்சப்புறம் போட முடியுமா?... இன்னா? ஆள நிறுத்திடறியா? ... கைநெறையக் காசு குடுத்து அவங்க ஊரு தேவிகாபுரத்துக்கு அனுப்பிடுவியா. தயாள குணம். அங்க போய் எவன் வூட்டு அடுப்புலனா கைய வெச்சி வேக வெச்சிகினு ஒக்காரட்டும். நம்ம கண்ணுல படாதவரைக்கும் நமக்கு வியாதியே இல்ல. அப்படித்தானே?

... ஆமா, சம்பந்தி கேப்பாங்கதான். உன் பட்டறை ஆளுக்கு இதுன்னா உன் பொண்ண எடுக்க யோசிப்பாங்கதான். இல்லன்னு சொல்லல. நானும் அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன், எனக்கு இல்லாத அக்கறையா? அதுக்குத்தான் ஒரு வழி வெச்சிகீறேன். ஜீப்பு நாளைக்கு பெரணமல்லூர் ஸ்கூலுக்குப் போவுது. அங்க உன்ன எவனுக்கும் தெரியாது, அவன எவனுக்கும் தெரியாது. காஞ்சிபுரத்துலருந்து செய்யாறு வண்டி புடிச்சி அவன நேரா அங்க இட்டுகினு வா. காட்டிட்டு மத்தியானமே காஞ்சிபுரம் போய் அரக்குப் போடு... முடியாதா? ... தேமல்தானா? ... சும்மா பேஜார் பண்றேனா நானு?

சரி. பேசி ஒண்ணும் ஆவப்போறதில்ல. குப்புராஜ போன் கிட்ட கூப்பிடு... கூப்பிடுன்றேன். ஆரணியில யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சிக்கட்டும், பரவால்ல. அப்படியே நூல் சிட்டத்துலருந்து கொஞ்சம் பட்டு பிச்சி எடுத்துகினு வா.

... யாரு, குப்புவா? நான்தான் பரசுராமன்... எல்லாரும் சௌக்கியம். கன்னியம்மா இங்கதான் கீது, புள்ளைங்களும் சௌக்கியம். பயப்படாத. கண்ண மூடிக்க. மொதலாளி பட்டு வெச்சித் தொடுவாரு. எங்க தொட்டாரோ அந்த எடத்த வெரலால காட்டு. அவ்ளோதான்... வெளையாட்டு இல்லப்பா. போன மொதலாளிகிட்ட குடு.

மச்சான், பட்ட குஞ்சம் மாதிரி முடிச்சிக்க. ஸ்கூல்ல அவங்க பஞ்சுல செஞ்சாங்க, நம்ம கிட்ட பட்டு கீது, ஒசத்திதான். மொதல்ல நெத்தியில வெய். அப்பால கழுத்து. அப்பால அந்தக் கை. அழுத்தாத. அவன் கண்ணு மூடிகினு கீதான்னு பாரு. போன பக்கத்துல வெச்சிட்டுச் செய்.

(கன்னியம்மா எழுந்து மேசைக்கு அருகில் வந்து நிற்கிறாள்.)

... சொல்லு. நெத்தியில காட்டினான்... கழுத்துல காட்டினான்... சரி. கையில?... எத்தினி வாட்டி தொட்ட?... கம்முனு நின்னானா. ... இன்னும் கண்ண மூடிகினுதான் நிக்கிறானா. தொறக்கச் சொல்லு மச்சான். போதும்.

... இன்னாது? நூல் மெல்லிசா? மெல்லிசாதான் இருக்கணும். அதானே பரீட்சை... எவனுக்கும் தெரியாதா? ஏன் தெரியாது? தோ, நான் இங்க சேலை முந்தியில தொங்கற குஞ்சத்த என் கையில வெச்சிகீறேன். எறும்பு ஊர்ற மாதிரி கூசுது. கன்னியம்மா, கைய நீட்டு... அதுக்கும் கூசுதுன்னுது... சத்தியமா கூசுதுய்யா, நான் ஏன் பொய் சொல்றேன்?

... இன்னா சொன்ன?

... நீ உன் கையில வெச்சிப் பாத்தியா.

... உனக்கும்தான் ஒண்ணும் தெரியலன்றியா. அதனால இது டுபாக்கூர் பரீட்சைன்றியா.

... இல்ல, ஒண்ணுமில்ல. லைன் நல்லாதான் கீது.

மச்சான்... எந்தக் கையில வெச்ச?... வலது கை. சரி. இப்ப எடது கையில வெய்... கூசுதா. பாத்தியா, கூசுது இல்ல? நூல் மேல தப்பில்ல. மறுபடி வலது கை, சுண்டு வெரல் பக்கமா... குப்புவ தொடச் சொல்லு. நீ கண்ண மூடிக்க... தொட்டானா?... அவன்கிட்ட கேளு, தொட்டானான்னு... தொட்டுட்டேன்றானா.

... ம்.

... ம். அந்த டம்ளரா? எனக்கும் அதான் ஞாபகம் வந்துச்சி. வுடு. அதுக்கு சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

கந்தசாமி, நான் சொல்றது கேக்குதா?... நான் டாக்டர் இல்ல. பட்டு வெச்சிப் பாத்து சொல்றதுக்கு நான் யாரு? அவங்க பாக்கட்டும். ஒண்ணுமில்லன்னா ஒரு பஸ் சார்ஜு நட்டம், என் கணக்குல எழுதிக்க. இருந்துச்சின்னா, வெரலெல்லாம் இன்னும் நேராதான் கீது உனக்கு. இன்னும் டயம் கீது. தைக்குப் போவ டயம் இல்ல, நாளைக்குப் போவ டயம் கீது... கற்பகத்துக்கு நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு, உன் வாயால. ஆனா அவளையும் பொண்ணையும் ஒரு தபா காட்டணும். அத நான் பாத்துக்கறேன்.

... ஆள நிறுத்தறத பத்தியா? நீ கேக்கற பாரு. நான் ஒண்ணும் சொல்லல மச்சான். நீயே யோசி.

... அழுவுறியா?... சரி, இல்ல. நாந்தான் தப்பா கேட்டேன். பக்கத்துல குப்பு கீறானா? அவன அனுப்பிடாத. ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. பெரணமல்லூர் ஸ்கூல் வாசல்ல நான் நிப்பேன். கேட்டா பாவு நூல் பாக்க வந்தோம்னு சொல்லிக்கலாம், பொய் சொல்றதுல நமக்கு இன்னா பஞ்சம். அதுவரைக்கும் அண்டாவுல கை வெக்காதீங்க. அவனும் வெக்க வேணாம், நீயும் வெக்க வேணாம். சூடு போதுமான்னு தெரியணும்னா மணவாளன வெக்கச் சொல்லு. அவனுக்கு சுடும், கத்துவான், தெரிஞ்சிக்கலாம். ... சிரிச்சியா? சிரி.

வரியா?... கொர்ருன்னுது, கேக்கல. வரியா, இல்லையா? அத மட்டும் சொல்லு... ஹலோ... இன்னா, எத்தினி?... ஹலோ... மச்சான்... ஹலோ...

... அம்மா, நீங்களா? கட்டாயிடுச்சே... இல்ல, திரும்ப போட வேணாம், வெச்சிடாதீங்க. ஒண்ணு கேக்கணும். கடைசியா அவரு இன்னாவோ சொன்னாரு, எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டிருக்கும்... கோச்சிக்கலம்மா. எனக்குத் தெரியும் நீங்க கேட்டுகினு இருந்தீங்கன்னு. இன்னிக்கு அதுக்குப் புண்ணியம் உண்டு. சொல்லுங்க, வரேன்னாரா, மாட்டேன்னாரா?

...

மொத செய்யாறு வண்டி எத்தினி மணிக்குன்னு கேட்டாரா.

... இல்லம்மா, நல்லாதான் கீறேன். தூசி. காஞ்சிபுரம் லைன் வந்தா நீங்களே சொல்லிடுங்க. நாலே முக்காலுக்கு. ரெண்டு சீட்டு.