முப்பத்தாறு படத்திலும் கடைசி

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குத் திரும்பும் ஃபெரி. என் முன்னிருக்கையில் தொழிற்சாலை விளையாட்டுப் போட்டியில் வென்ற கோப்பையோடு ஒரு பெண். பக்கத்தில் கேமராவோடு அவள் தம்பி.

“அக்கா, முப்பத்தாறு படத்துலயும் நீதான் கடைசி.”

“நானூறு மீட்டர்ல நான்தானே ஜெயிச்சேன்?”

“பட்டனை அழுத்திப் புடிச்சா நிக்காம எடுக்குற கேமரா லா. முதல் வளைவு தாண்டுறதுக்குள்ள ஃபிலிம் முடிஞ்சிருச்சி. வேற ஃபிலிம் போட்டுட்டு நிமிர்ந்தா, நீ கோட்டைத் தாண்டி நிக்கிற.”

அவள் கோப்பையை மடியில் திருப்பி வைத்தாள்.

“அப்ப எனக்கு முன்னாடி எத்தனை பேரு?”

“ஏழு பேரு.”

“ஏழு பேரும் படத்துல இருப்பாங்களா?”

“எல்லாரும் இருப்பாங்க.”

“அப்ப அந்தப் படத்துல ஒண்ணைப் பெருசா கழுவு. கப்பு பக்கத்துலயே மாட்டணும்.”