மிதவைக்கு வந்த ஆலாக்கள்

— கதவை மறைச்சுக்கிட்டு நிக்காதே அண்ணே, வழி விடு.

— அது வந்து பாப்பா, உள்ள ஒரே தூசி. பறவை விழாவை விட்டுட்டு என் பட்டறைக்கு எதுக்கு வந்தே? மத்தியானம் வரைக்கும் நீதானே வழிகாட்டி?

— இன்னியோட சரி, முழுக்குப் போட்டாச்சு. ஒரு பலகை குடு. எழுதி ஏரிக்கரையில மாட்டணும். "காலையில் காட்டியது பறவை இல்லை, மரப்பொம்மை. மன்னிக்கவும்."

— பொம்மையா?

— நடிக்காதே. விடிஞ்சதும் விடியாததுமா நாப்பது பேரை வரிசையில நிக்க வச்சேன். டெலஸ்கோப்பை ஏரி நடுவுல இருக்கற மிதவைப் பக்கம் திருப்பி, "பாருங்க, ஆலா! வெள்ளை உடம்பு, தலையில கருப்புத் தொப்பி!"ன்னு கத்தினேன். மூடுபனியில சரியா எண்ணக்கூட முடியலை, அஞ்சாறு இருக்கும். ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. எனக்குக் கண்ணுல தண்ணி. ஆலா வந்து கூடு கட்டட்டும்னு அந்த மிதவையைக் கட்டி நாலு வசந்தம் ஆச்சு, ஒரு ஆலா எட்டிப் பார்த்ததில்லை, தெரியுமா?

— தெரியும்மா.

— அப்புறம் விழாக் குழு செயலாளரம்மா வந்து சொல்றாங்க, "உங்க அண்ணன் கைவேலை பிரமாதம். ஆலா பொம்மை செஞ்சு நேத்தே மிதவையில வச்சுட்டேன்னு போன்ல சொன்னாரே"ன்னு. எனக்கு உசிரே போயிடுச்சு.

— அது வந்து... பொம்மையைப் பார்த்தா நிஜப் பறவையும் தைரியமா வந்து இறங்கும்னு படிச்சேன். உனக்குத் தெரியாம செஞ்சு அசத்தலாம்னு...

— நல்லா அசத்தினே! எல்லாம் காத்துக்கு எதிரா மூஞ்சியை வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்துச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

— காத்து அடிச்சா பறவை அப்படித்தானே உக்காரும்?

— மரம் எப்படி வேணா உக்காரும். இந்த விழாவுக்குள்ள ஆலா வரலைன்னா மிதவையைக் கழட்டிடறதா முடிவு பண்ணியிருக்காங்க, தெரியுமா? போனாப் போகட்டும். பொய் சொல்லி அதைக் காப்பாத்த மாட்டேன். பலகை எங்க?

— நானே எழுதி எடுத்துட்டு வரேன். நீ உள்ள மட்டும் வராதே.

— உள்ள என்ன புதையலா? தள்ளு.

— ஐயோ, மேசைப் பக்கம் போகாதே!

— இதென்ன, திரை கட்டி மறைச்சு... அண்ணே!

— திட்டாதே பாப்பா. செயலாளரம்மா, "பொம்மையை வச்சாச்சா"ன்னு ஒரு நாளைக்கு நாலு போன் போட்டு நச்சரிச்சாங்க. தொல்லை தாங்காம வச்சாச்சுன்னு சொல்லிட்டேன்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... மொத்தம் எத்தனை செஞ்சே?

— ஆறு. தொட்டுடாதே, இன்னும் பெயிண்ட் காயலை.

— ஆறும் இங்கதான் இருக்கு.

— அதைத்தானே சொல்றேன், ஒண்ணைக்கூட வைக்கலை. ஏய், ஏன் இப்படித் தரையில உக்காந்துட்டே? அழறியா, சிரிக்கறியா?

— ரெண்டும்தான். அப்பாடா! சோம்பேறி அண்ணே, நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

— இதுக்குத் திட்டாம வாழ்த்தறே? ஒண்ணும் விளங்கலை. சரி, இந்தா பலகை. மரப்பொம்மைன்னு எழுதவா?

— "மிதவையில் யாரும் கை வைக்காதீங்க. ஆலா குடி வந்தாச்சு"ன்னு எழுது.