பதினான்காம் வழியில் மூன்று பா

எனக்குச் செருப்பு கடிப்பதில்லை. புதுச் செருப்பு வாங்கினால் முதல் வாரம் எல்லாரும் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நொண்டுவார்கள். எனக்கு முதல் நாளே பழகிவிடும். பொறுமையாக நடப்பவனிடம் செருப்பும் பொறுமையாக இருக்கும் என்பது என் எண்ணம். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், நான் அவசரக்காரனோ ஆத்திரக்காரனோ இல்லை என்பது செயலாளர் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பல் மருத்துவர். எத்தனையோ பேரை வாய் திறக்க வைத்திருக்கிறீர்கள். என்னைத் திறக்க வைக்க ஊசி தேவையில்லை, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும்.

பதினான்காம் வழி பட்டியலிலிருந்து ஏன் நீக்கப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

நம் சங்கம் செய்வது எளிய வேலை. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இடையே நெடுஞ்சாலையைத் தொடாமல் நடந்து போக வழி தேடுகிறோம். ஒருவர் வழியைக் கண்டுபிடித்து முன்மொழிவார். மற்றவர்கள் நடந்து பார்த்து மதிப்புரை எழுதுவார்கள். மூன்று பேர் 'நன்று' என்றால் பச்சைக் குறி. மூன்று பேர் 'ஆகாது' என்றால் அந்த வழி நீக்கம். நடக்கும்போதே எழுத வேண்டியிருப்பதால் ஓர் அட்டையில் சுருக்கெழுத்துகள் வைத்திருக்கிறோம். மே என்றால் மேடு. ப என்றால் பள்ளம். நா என்றால் நாய். அ என்றால் அடைப்பு, அதாவது விழுந்த மரம், பூட்டிய கதவு, அந்த மாதிரி. பா என்றால் பாலம். இந்த அட்டையைத் தயாரித்துக் கொடுத்தவன் நான்தான். பேருந்துக் கால அட்டவணை அச்சிடும் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன். என் கையைத் தாண்டி எந்தப் பேருந்தும் தவறான நேரத்துக்குப் புறப்பட்டதில்லை. ஓட்டுநர்கள் புறப்படாமல் விட்டது வேறு விஷயம்.

பதினான்காம் வழியைக் கண்டுபிடித்தவனும் நானே. ஏழு மாதம் முன்பு என் மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தோம். பேருந்தில் போனால் ஊரெல்லாம் சுற்றி ஒன்றரை மணி நேரம். என் வீட்டுப் பின்வாசலிலிருந்து வாய்க்காலோரமாகப் போய், மூன்று சின்னப் பாலங்கள் தாண்டி, செங்கல் சூளையில் பிரிந்தால், எழுபது நிமிடத்தில் அவள் வீட்டு வாசல். கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரமே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். நான்தான் போய் அவள் மாமனாருக்குக் காட்டினேன். அது என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட முதல் பிழை.

சம்பந்தி ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர். சங்கத்தில் அவரை 'விசில்' என்று கூப்பிடுகிறீர்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வழி திறந்த மறுநாளிலிருந்து காலை ஏழு இருபதுக்கு என் பின்வாசலில் விசில் சத்தம் கேட்டது. தினமும். வந்தவர் என் நாற்காலியில் உட்காருவார். நான் இன்னும் பிரிக்காத செய்தித்தாளைப் பிரிப்பார். குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் போடுவார். பென்சிலால் இல்லை, பேனாவால். அதிலும் தப்பாக. 'விலங்கு, மூன்றெழுத்து' என்ற இடத்தில் 'சிங்கம்' என்று எழுதி, கடைசி எழுத்தைக் கட்டத்துக்கு வெளியே வைத்தார். முடித்ததும் தாளைக் குறுக்கே மடித்து அதன்மேல் தேநீர்க் குவளையை வைப்பார்.

"சொல்லிப் பாரேன்," என்றேன் என் மனைவியிடம்.

"சம்பந்திகிட்ட போய் பேப்பரைத் தொடாதீங்கன்னு சொல்லுவாங்களா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். எனக்கு உண்மையிலேயே வேறு வேலை இல்லை. ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஆகவே காரணம் செய்தித்தாள். இதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் மகளைப் பற்றியும் செய்தி கொண்டுவருவார். "நம்ம பொண்ணு நேத்து இருபது தடவை குளத்துல போயிட்டு வந்துட்டா சம்பந்தி. மீன் மாதிரி." என் மகள் ஆறு வயதில் தண்ணீரைப் பார்த்து அழுதவள். சரி வேண்டாம் என்று கரையேற்றிக் கூட்டி வந்தவன் நான். இவர் ஐந்து மாதத்தில் நீந்த வைத்துவிட்டார். நல்ல விஷயம்தானே. எனக்கு அதில் ஒன்றுமில்லை.

ஒரு நாள் கிளம்பும்போது, "மெதுவா நடங்கப்பான்னு சொல்லிவிட்டா," என்றார்.

"எனக்கா?" என்றேன்.

"இல்ல இல்ல, எனக்கு. மாமான்னு கூப்பிடுறது வாயில வரலையாம். ஒரு மாசமா அப்பான்னுதான் கூப்பிடுறா."

இதை முழுமைக்காக மட்டுமே எழுதுகிறேன். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த வாரம் நம் பொதுக்கூட்டத்தில் சுருக்கெழுத்து அட்டைக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். நினைவிருக்கும். பாம்பு அவசர விஷயம், அதற்கு ஒற்றை எழுத்து வேண்டும், பாலம் எங்கும் ஓடிவிடப் போவதில்லை, அதற்கு இரண்டெழுத்து போதும் என்றேன். இனி பா என்றால் பாம்பு, பால என்றால் பாலம். தேநீர் வந்துவிட்டதால் ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அவற்றில் இரண்டு கைகள் தேநீருக்காக உயர்ந்தவை என்று இப்போதும் நினைக்கிறேன்.

பதினோரு நாள் கழித்து நான் பதினான்காம் வழிக்கு மறுமதிப்புரை எழுதினேன். 'பா 3. ஆகாது.' பழைய அட்டைப்படி அது மூன்று பாலங்கள். பாலங்கள் மூன்றுதான், எண்ணிக் கொள்ளலாம். கைப்பழக்கத்தில் பழைய எழுத்து வந்துவிட்டது என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சொல்லவில்லை. தெரிந்தே எழுதினேன். ஆனாலும் ஒரு பொய்கூட எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஆகாது' என்பது என் கருத்து. எனக்கு ஆகவில்லை.

இரண்டாவது மதிப்புரை என் மைத்துனனுடையது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். அவன் முடி திருத்துகிறவன், நான் பிழை திருத்துகிறவன், அடுத்தவர் தலையில் கை வைப்பது இருவருக்கும் தொழில். அவன் நம் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, கடையை விட்டு ஒரு வழியும் நடந்ததில்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதுவான். என்னைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பது அவன் பிறவிக் குணம். 'பா 4' என்று எழுதினான்.

மூன்றாவதாக மருந்துக்கடைக்காரர் உண்மையாகவே நடந்தார், பாவம். ஏழு பாம்பு என்று முன்கூட்டியே படித்துவிட்டுப் போனவர் கண்ணுக்கு வழியில் என்ன தெரியும்? தண்ணீர்க் குழாய், சைக்கிள் டயர், யாரோ காயப்போட்ட துணி, எல்லாம் நெளிந்திருக்கிறது. 'பா 11' என்று எழுதினார். அதில் ஒன்றுக்குப் படம் எடுத்த நிலை என்றும் குறித்திருந்தார். அது சூளைக்காரரின் குடை.

வழி நீக்கப்பட்டது. மறுநாள் காலை நான் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். ஏழு இருபதுக்கு விசில் கேட்டது.

"பாம்பாமே. ஒண்ணையும் காணோம்," என்றார் சம்பந்தி. "என் விசிலைக் கேட்டா பாம்பு என்ன, முதலைகூட ஓரமா ஒதுங்கும்." பிறகு என் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அவர் மதிப்புரை எதையும் படிப்பவரில்லை. ஆனால் சூளைப் பிரிவில் சங்கம் வைத்த அம்புப் பலகையைப் பார்த்துத்தான் நடப்பார். முப்பது வருடம் குளக்கரையில் இருந்தவர். அங்கே நேராகப் போக வேண்டும், சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும், பிரிகிற பாதை என்று ஒன்று கிடையாது. அதனால் அவருக்குத் திசை என்பதே பிடிபடாது. ஆறு மாதத்துக்கு மேல் நடந்தும், சூளையில் நின்று பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்புவார். அந்தப் பலகையை ஒற்றைத் திருகாணியில் மாட்டியிருந்தோம். ஒரு மத்தியானம் போய்த் திருப்பி வைத்தேன். இடப்பக்கம் காட்டிய அம்பு வலப்பக்கம் காட்டியது. வலப்பக்கம் ஐந்து கிலோமீட்டரில் ஒரு வாத்துப் பண்ணை இருக்கிறது, அதற்கப்பால் வழி இல்லை. திருகாணி ஏற்கெனவே தளர்ந்துதான் இருந்தது.

அடுத்த நாள் ஏழு இருபதுக்கு விசில் கேட்கவில்லை. ஏழரைக்கும் கேட்கவில்லை. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். குறுக்கெழுத்தைப் பென்சிலால் போட்டேன். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மனிதர் வாத்துகளோடு நிற்பதை நினைக்க நிம்மதியாக இருந்தது. மனைவிகூட, "என்ன, தானா சிரிக்கிறீங்க?" என்றாள்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. சம்பந்தி. வீட்டிலிருந்து.

"நேத்து குளத்துல முட்டி பிசகிடுச்சு சம்பந்தி. அதான் வரல. நம்ம பொண்ணு ஆறு மணிக்கே கிளம்பி வந்துச்சே, சேர்ந்துடுச்சா? போனை இங்கேயே வெச்சுட்டுப் போயிடுச்சு."

பென்சிலைக் கீழே வைத்தேன். பிறகு, "நேரா வாத்துப் பண்ணைக்கு வாங்க," என்றேன்.

"வாத்துப் பண்ணையா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு யூகம்தான்," என்றேன்.

நான் நடந்தேன். உண்மையைச் சொன்னால், ஓடினேன். பின்வாசலில் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு போனது பாதி வழியில்தான் தெரிந்தது. நான் பண்ணையின் இடப்பக்கக் கதவை அடைந்தபோது, மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சம்பந்தி வலப்பக்கக் கதவில் வந்து இறங்கினார். நடுவில் நானூறு வாத்துகள். அவற்றின் நடுவே கவிழ்த்துப் போட்ட வாளியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குதிகாலிலும் செருப்பு கடித்து ரத்தம். அவளுக்கு அவள் அம்மாவின் பாதம்.

எங்களைப் பார்த்ததும், "அப்பா," என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்றார் சம்பந்தி.

நானும் சொன்னேன். அது வாத்துச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் முப்பது வருடம் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர். நியாயமான போட்டி இல்லை.

சம்பந்தி நொண்டிக்கொண்டே வண்டியிலிருந்த தண்ணீரை எடுக்கப் போனார். அப்போது மகள் தன் பையைத் திறந்து ஒரு திருப்புளியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியது. வரும் வழியில் சூளைப் பலகைக்கு அடியில் கிடந்ததாம்.

"இது உங்களோடதுதானே?"

"ஆமாம்."

"பா மூணுன்னா மூணு பாலம்ப்பா. அந்த அட்டையை உங்களுக்கு எழுதிக் குடுத்ததே நான்தான், எனக்குத் தெரியாதா? நீங்க கண்டுபிடிச்ச வழியை நீக்கிட்டாங்களே, மனசு உடைஞ்சு போயிருப்பீங்கன்னு, சரியா ஒரு மதிப்புரை எழுதிக் குடுக்கலாம்னுதான் நடந்து வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. வாத்துகள்கூட ஒருமாதிரி பார்த்தன.

"மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா சங்கத்துக்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்கப்பா." மாமா என்றாள். எனக்காக அப்படிச் சொன்னாள் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. இருந்தாலும் காதுக்கு நன்றாக இருந்தது.

ஆகவே எழுதிவிட்டேன். அட்டையைத் திருத்தியது நான். மதிப்புரையில் விஷமம் செய்தது நான். அம்பைத் திருப்பியது நான். பலகையை நேற்றே சரியாக மாட்டிவிட்டேன், இம்முறை இரண்டு திருகாணி. பதினான்காம் வழியை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். நோக்கம் செய்தித்தாள் மட்டுமே என்பதால் இப்போது வீட்டுக்கு இரண்டு தாள் வாங்குகிறோம். பிரச்சினை தீர்ந்தது.

மகளின் மதிப்புரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். 'பால 3. பா இல்லை. வாத்து ஏராளம். அ 2. நன்று.' இதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, அடைப்பு இரண்டு இருக்கையில் வழி எப்படி நன்றாகும் என்று கேட்டீர்கள். அவளிடம் விசாரித்தேன். அது அடைப்பு இல்லையாம். அன்று பண்ணைக்கு அவளைத் தேடி வந்த அப்பாக்களின் எண்ணிக்கையாம்.

முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மதிப்புரையில் ஒரே ஒரு எண் மட்டும் தவறு. உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அதை அழித்து நானே பென்சிலில் 1 என்று போட்டிருக்கிறேன். நீங்கள் பேனாவால் மேலே எழுதினால் போதும்.