சின்னமுத்துவின் முதல் மரணம்

இந்தக் கதிரை உட்கார வசதியாக இருக்கிறது, ஐயா. கச்சேரிகளில் எனக்கு இப்படி ஒன்று கிடைப்பதில்லை. ராக்கம்மா பொலிஸில் உங்களிடம் சொன்னது சரிதான். விவரத்தை நான் சொல்கிறேன்.

எங்கள் பாட்டுக் கோஷ்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு கண்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொடங்கியது. இரண்டே பேர். ஹார்மோனியத்தோடு நான், உறுமியோடு சின்னமுத்து. என் பெட்டியில் மூன்று கட்டைகள் பேசாது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் உறுமியை முழக்கிச் சமாளிப்பான். சனங்கள் அதைத்தான் ரசித்தார்கள், என்ன செய்வது.

முப்பத்திரண்டில் இசைத்தட்டு வந்தது, பெயரும் வந்தது. பட்டுச் சால்வை போட்டோம். சின்னமுத்துவைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்திலேயே விட்டுவிட்டு, இராமகிருஷ்ணன் என்ற மிருதங்கக்காரரைச் சேர்த்தேன். ஆறு மாதம் ஆகவில்லை, மனிதர் "அந்தக் காலத்தில் நாங்கள் பட்ட பாடு" என்று பெருமூச்சு விடத் தொடங்கிவிட்டார். நன்றாகவே விட்டார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் எங்கள் ஆரம்பகாலத்தைப் பற்றிக் கேட்டார். லயத்து உறுமி என்றால் பெரிய வீட்டுக் கலியாணங்களுக்கு யார் கூப்பிடுவார்கள்? முதல் நாளிலிருந்தே மிருதங்கம்தான் என்றேன். வாசித்தவர் யார் என்றார். வாய் தவறிச் சின்னமுத்துவின் பெயரைச் சொல்லிவிட்டேன். எங்கே அவர் என்றார். காய்ச்சலில் போய்விட்டான் என்றேன். அச்சிலும் வந்துவிட்டது.

பிறகு வருடாவருடம் நினைவுக் கச்சேரி வைக்கவேண்டியதாயிற்று. முதல் கச்சேரிக்கே சின்னமுத்து நேரில் வந்து நின்றான், மாலை போட்ட தன் படத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஏண்ணே, கொஞ்சம் சிரிச்ச படமா வச்சிருக்கக் கூடாதா?"

அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"அடுத்த ரெக்கார்டுல ஒரே ஒரு பாட்டுக்கு உறுமி வாசிக்கிறேண்ணே. பேரு போட வேணாம். என் சத்தம் அதுல இருந்தாப் போதும்."

பார்க்கலாம் என்று பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தேன். பெயர் போடாவிட்டாலும் அந்தக் கையைச் சனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முப்பத்தைந்து தொடக்கத்தில் மலேரியா ஊரையே படுக்கவைத்தது. அவனையும் படுக்கவைத்தது. அவன் பெண்சாதி ராக்கம்மா கண்டியில் என் வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

"அண்ணே, அவரு பெனாத்துறாரு. ஒங்க மோட்டார் காருல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொழைச்சுக்குவாருண்ணே."

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள், ஐயா. செத்தவன் கட்டிலில் கிடக்கிறான் என்று கண்டி முழுக்கச் சிரிக்கும்.

"மோட்டார் பழுதாப் போச்சு தங்கச்சி. சுக்குக் கசாயம் வச்சுக் குடு" என்றேன்.

மோட்டார் வாசலில்தான் நின்றது. அதைத் தாண்டித்தான் அவள் திரும்பிப் போனாள். மறுநாளும் வந்தாள், அதையேதான் சொன்னேன். மூன்றாம் நாள் நான் பொய் சொல்லவில்லை. குண்டசாலைக் கலியாணக் கச்சேரிக்கு மோட்டார் உண்மையிலேயே போயிருந்தது. நான்காம் நாள் அவள் வரவில்லை.

ஆமாம், அவன் சாகட்டும் என்றுதான் மோட்டாரைக் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: இந்த வருட நினைவுக் கச்சேரியில் நான் மனம்விட்டு அழுதேன். அதுவரை நடிக்கவேண்டியிருந்தது, ஐயா. அன்றுதான் அவனுக்கு உண்மையான நண்பனாக இருக்க முடிந்தது.